தட்டும் காடும்: கொல்லிமலைக் குழந்தைகளின் பசியும் உணவுத் திட்டங்களும்

குழந்தைகளுக்குச் சமைத்த உணவை இலவசமாக வழங்கும் திட்டங்களை இரண்டு கேள்விகளால் எடை போடலாம். இன்றைய பசி தீர்ந்ததா? பசி வருகிற வழி அடைபட்டதா? முதல் கேள்வியில் நன்றாகத் தேறும் திட்டங்கள் இரண்டாவதில் தடுமாறுவதுண்டு. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் இது தெளிவாகத் தெரிகிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலை ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்ல வேண்டும். மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு எனப் பெயர் பெற்ற பகுதிகளில் சிற்றூர்களாகச் சிதறி வாழ்கின்றனர். அவர்களுடைய மானாவாரிக் காடுகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவை விளைந்து வந்தன. கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, சுருட்டைக் கேழ்வரகு, செந்தினை என ஒவ்வொரு தானியத்திலும் பல ரகங்கள் இருந்தன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு; தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. வீட்டுச் சத்துக்கும் வீட்டுக் காட்டுக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு இருந்தது.

அந்த உறவைத் தளர்த்தியவை மூன்று. முதலாவது மரவள்ளி. மலையடிவாரத்துக்கு அப்பால் ராசிபுரம், ஆத்தூர், சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு லாரி லாரியாகப் போகிறது. கிழங்கிலுள்ள மாவுச்சத்தை அளந்து, 'பாயிண்ட்' கணக்கில் விலை போடுகிறார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் கையில் ரொக்கம் வருகிறது. சாமை அப்படித் தருவதில்லை. இரண்டாவது பெண்களின் உழைப்பு. சாமையின் உமி கடினமானது. உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தினால்தான் ஒரு வேளைச் சோற்றுக்கான அரிசி தேறும். மூன்றாவது ரேஷன் அரிசி. தமிழ்நாட்டில் 2011 முதல் அது இலவசமாகவே கிடைக்கிறது. காட்டில் கிழங்கு, அடுப்பில் ரேஷன் அரிசி என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஆனால் குழந்தையின் தட்டில் அதன் விளைவு தெரிகிறது: வயிறு நிறைகிறது, சத்து குறைகிறது.

வெளியிலிருந்து வரும் உதவி இந்த மலைக்குப் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே குடியேறிய ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற கிறித்தவ ஊழியத் தம்பதியர் மருத்துவத்தோடு பள்ளியும் கைத்தொழில் பயிற்சியும் நடத்தினர். தொழுநோய் அறுவை மருத்துவத்தில் பெயர் பெற்ற பால் பிராண்ட் அவர்களுடைய மகன். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அறப்பணி ஆள்சார்ந்தது என்பதையும் இந்த வரலாறு உணர்த்துகிறது. 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் இறந்தபின் பணியின் பாரம் பெரும்பாலும் ஒருவர்மேல் விழுந்தது.

தமிழ்நாட்டின் பள்ளி உணவு வரலாறு, ஈகை உரிமையாக மாறிய வரலாறு. 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1950களின் நடுப்பகுதியில் காமராசர் ஆட்சியில் வளர்ந்த திட்டம், கல்வித்துறைத் தலைவராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியோடு, ஊர்மக்கள் நன்கொடையையும் அரசின் பங்கையும் சேர்த்து நடந்தது. 1960களில் கேர் என்னும் அமெரிக்க அமைப்பின் உணவுப் பண்டங்களும் இதில் சேர்ந்தன. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பொறுப்பு முழுமையாக அரசின் தோளுக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று ஆணையிட்டது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உறுதிசெய்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளை எட்டியது. அவற்றில் 237 பள்ளிகள் தொலைதூர, மலைப் பகுதிகளைச் சேர்ந்தவை.

இந்த முறையின் நிறைகளுக்கு வலுவான சான்று உண்டு. ஆந்திரத்தில் அபிஜித் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டெஃபான் டெர்கான் ஆகியோர் செய்த ஆய்வு, கைக்குழந்தைப் பருவத்தில் வறட்சியால் பின்தங்கிய வளர்ச்சியைப் பள்ளி மதிய உணவு ஈடுசெய்ததைக் காட்டியது. 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு, சிறுவயதில் மதிய உணவு பெற்ற பெண்களின் பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைந்திருந்ததைக் கண்டது. ஒரு தலைமுறைக்குப் போட்ட சோறு அடுத்த தலைமுறையின் உயரத்தில் தெரிகிறது. சமைத்த உணவைப் பள்ளியிலேயே உண்பதால் குழந்தையின் பங்கு வீட்டில் கரைவதுமில்லை. காட்டு வேலைக்கு விடியலிலேயே கிளம்பும் பெற்றோருக்குக் காலை உணவு பெரிய ஆறுதல். பல கிலோமீட்டர் மலைப்பாதையில் நடந்து வரும் பிள்ளை முதல் பாடவேளையில் சோர்ந்து விழுவது குறைகிறது.

குறைகளும் அதே அளவுக்குத் தெளிவானவை. முதலாவது வயது. உடல் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிப்பவை கருவுற்றதிலிருந்து வரும் முதல் 1,000 நாட்கள். ஐந்து வயதில் பள்ளித் தட்டைப் பிடிக்கும் குழந்தைக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அங்கன்வாடி தரும் சத்துமாவு இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகும் மாவு எல்லோருக்கும் பகிரப்படுகிறது. சிதறிய சிற்றூர்களில் கைக்குழந்தையோடு அங்கன்வாடிக்கு நடப்பதும் எளிதன்று.

இரண்டாவது நாட்கள். பள்ளி நடப்பது ஆண்டில் 220 நாள் அளவுக்கு. மீதி 145 நாளில் தட்டு இல்லை. விதைப்புக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்கள் அதில் அடக்கம். மூன்றாவது பாதுகாப்பு. 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சத்துணவுச் சமையல் கூடத்தில் பற்றியது. 2013இல் பீகாரின் சாப்ரா அருகே பூச்சிமருந்து கலந்த மதிய உணவால் 23 குழந்தைகள் இறந்தனர். கூரை, சேமிப்பறை, எண்ணெய்க் கேன் போன்றவற்றைக் கவனிக்காத நல்லெண்ணம் ஆபத்தானது.

நான்காவது குறை தனியார் அறப்பணிக்கே உரியது. கொடுப்பவரின் விருப்பம் உண்பவரின் தட்டை முடிவு செய்துவிடும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அட்சய பாத்திரம் அமைப்பு காலை உணவு வழங்கியபோது, வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சமையல்முறை பெரும் விவாதமானது. கொடையாளருக்குக் காட்ட எளிதான கணக்கு, போட்ட சாப்பாட்டின் எண்ணிக்கை. குழந்தையின் எடை, உயரம், இரத்தச்சோகை ஆகியவற்றின் கணக்கு மெதுவாகவே தெரியும். அதைக் கேட்பவரும் குறைவு. உணவு வராத நாளில் சட்டத்தைச் சுட்டிக் கேட்கும் உரிமை அரசுத் திட்டத்தில் உண்டு. நன்கொடையில் அது இல்லை.

ஐந்தாவது குறை அரசுக்கும் அறப்பணிக்கும் பொது: பண்டம் எங்கிருந்து வருகிறது என்பது. சத்துணவு முட்டை நாமக்கல் பண்ணைகளிலிருந்து தமிழ்நாடெங்கும் போகிறது. அரசின் கொள்முதல் ஒரு தொழிலையே தாங்கிப் பிடிக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. அதே மாவட்டத்தின் மலைமேல் விளையும் சாமைக்கு அப்படி ஒரு நிலையான வாங்குநர் இல்லை. அரிசியும் பருப்பும் கீழிருந்து மேலே ஏறுகின்றன. கிழங்கு மேலிருந்து கீழே இறங்குகிறது.

இதை மாற்ற முன்மாதிரிகள் உண்டு. பள்ளி உணவுக்கான நடுவண் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு குடும்ப உழவர்களிடம் செலவிட வேண்டும் என்று பிரேசில் 2009இல் சட்டமியற்றியது. 2017இல் தொடங்கிய ஒடிசாவின் சிறுதானிய இயக்கம், பழங்குடியினர் மிகுந்த மாவட்டங்களில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கேழ்வரகு லட்டு வரை சென்றது. கொல்லிமலையிலேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து விதை வங்கி, உமி நீக்கும் எந்திரம், மகளிர் குழுக்கள் வழியாகச் சிறுதானியப் பண்டங்கள் என்று உழைத்து வருகிறது.

தடைகளைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. மரவள்ளிக்கு மாறிய காடு ஒரே பருவத்தில் சாமைக்குத் திரும்பாது. விளைச்சல் குறைந்த ஆண்டில் பள்ளிக்குத் தானியம் போதாது. வெளியிலிருந்து மலிவான சிறுதானியம் வாங்கினால் பிள்ளைகளுக்குச் சத்து கிடைக்கும். மலை உழவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே முன்கூட்டியே அறிவித்த விலை, ஊர் அளவிலான அரைவை, பற்றாக்குறை ஆண்டுக்கு அரிசி என்ற மூன்றும் சேர்ந்தே வேண்டும்.

மொத்தத்தில், பள்ளிக் குழந்தையின் இன்றைய பசியைத் தீர்ப்பதில் அரசின் சமைத்த உணவுக்கு நிகரான மாற்று கொல்லிமலையில் இல்லை. அதன் அருகிலேயே இன்னொரு பந்தி போடும் அறப்பணியால் கூடுதல் பயன் சிறிது. அறப்பணிக்கு உரிய இடம் அரசு எட்டாத இடைவெளிகளில் இருக்கிறது: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், விடுமுறை மாதங்கள், சாமை அரைக்கும் எந்திரத்தின் பழுதுபார்ப்பு. இவை படமெடுத்து அனுப்ப ஏற்றவையல்ல. ஆனாலும் இங்கே செலவிடும் பணத்துக்கே பசி வருகிற வழியை அடைக்கும் வாய்ப்பு அதிகம்.