எழுந்து நிற்கச் சொல்லும் கரிசனம்

டாக்டருக்கும் வாத்தியாருக்கும் இப்போது புதிதாக ஒரு பாடம் சொல்லித் தருகிறார்கள்: பண்பாட்டுத் திறன். வருகிறவரின் வழக்கம், பேச்சு, நம்பிக்கை எல்லாம் தெரிந்துகொண்டு வைத்தியம் பார்க்க வேண்டும், பாடம் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். 1989இல் அமெரிக்காவில் டெரி கிராஸும் அவரோடு சேர்ந்தவர்களும் சிறுபான்மை இனக் குழந்தைகளின் மனநலச் சேவை பற்றி எழுதிய அறிக்கையின் வழியாகப் பரவிய சொல் இது. நல்ல சொல்தான். சாதி நாட்டுக்குள் வந்தால் இது என்னவாகும்? பதில் தேடக் கையேடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் ‘கருக்கு’ (1992), ‘சங்கதி’ (1994) இரண்டையும் வாசித்தாலே போதும்.

பேச்சு தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. பாளையம்பட்டி, திருச்சுழிப் பக்கம் ஒரு பொம்பளை ‘மருமக முழுகாம இருக்கா’ என்றால் கர்ப்பமாக இருக்கிறாள் என்று அர்த்தம். குளிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிற டாக்டர் எத்தனை பட்டம் வாங்கி என்ன பிரயோசனம்? பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டால் அடுத்த நோவைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். வீட்டுப் பேச்சைக் ‘கொச்சை’ என்று அடக்கினால் பிள்ளை அப்புறம் வாயே திறக்காது. அந்தப் பேச்சிலேயே ஒரு புத்தகத்தை எழுதிக் காட்டியதுதான் ‘கருக்கு’ செய்த முதல் கலகம்.

ஆனால் ‘கருக்கு’ காட்டுகிற வகுப்பறையில் வாத்தியாருக்கு நம்மைப் பற்றித் தெரியாமல் இல்லை. தேங்காயைத் திருடியதாகச் சிறுமி மேல் பழி விழுகிறது. விசாரணையே வேண்டியிருக்கவில்லை, அவள் தெரு தெரிந்ததே போதுமாக இருந்தது. பிறகு இன்னொரு வகுப்பு. அரிசன மாணவர்கள் எழுந்து நிற்க வேண்டுமாம், சாயங்காலம் அவர்களுக்கு அரசு தனிப்பாடம் ஏற்பாடு செய்திருக்கிறதாம். எழுந்தது இரண்டே பேர். மற்றவர்களிடம் ஏளனச் சலசலப்பு. உங்க தனிப்பாடமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறாள். உதவியைக் கொடுத்த கையே சாதியையும் கூப்பிட்டு அடையாளம் காட்டியது. தனிப்பாடம் தப்பு என்பதல்ல நம் வாதம். அது நம் உரிமை. எழுப்பி நிறுத்திய அந்த முறைதான் தப்பு.

‘சங்கதி’யில் பேய் பிடித்த பொம்பளைகள் வருகிறார்கள். காட்டிலும் வீட்டிலும் ஓயாத வேலை, புருசன் அடி, தூக்கமில்லை. அதனால் மனசு ஒடிகிறது என்று கதைசொல்லியே யோசித்துப் பார்க்கிறாள். கோடாங்கி பேயை மட்டும் பார்ப்பான். பண்பாட்டுப் பாடம் படித்த டாக்டரோ ‘இது இவர்கள் நம்பிக்கை’ என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளக் கூடும். இரண்டு பேருமே அவள் சுமக்கிற சுமையைக் கேட்கவில்லை. சுமையைப் பண்பாடு என்று பேர் மாற்றிவிட்டால் யாரும் அதை இறக்கிவைக்க வேண்டியதில்லை.

நியூசிலாந்தில் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் இந்தப் பாடத்தையே திருப்பிப் போட்டார். செவிலியர் முதலில் தன் பண்பாட்டையும் தன் அதிகாரத்தையும் பார்க்க வேண்டும். கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் கவனிக்கப்பட்டவர்தான் என்றார். 1990களின் தொடக்கத்தில் அங்கே செவிலியர் கல்வியிலேயே இது சேர்ந்தது. நமக்கு வேண்டிய வரையறை இதுதான். ‘சேரி ஆளுக இப்படித்தான்’ என்பது அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். தங்கள் தெருவின் பாடத்தைத்தான் அவர்கள் மறக்க வேண்டும்.

நாங்குநேரி வெட்டுக்குப் பிறகு 2023இல் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இந்த இடத்தைத் தொட்டது. தங்கள் சாதி மேலோங்கிய பகுதியில் கல்வி அதிகாரிகளையும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களையும் நியமிக்கக் கூடாது என்றது. பையனின் கையில் கட்டிய கயிற்றோடு நிற்காமல் வாத்தியாரின் சாதியையும் கேள்விக்குள்ளாக்கியது. ஆஸ்பத்திரியிடமும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்தவை. நம் பொம்பளைகள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். உள்ளே அவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள், தொட்டுப் பார்க்கிறார்களா, வலியில் கத்தினால் என்ன சொல்லி ஏசுகிறார்கள் என்பதை எந்தப் பதிவேட்டில் எழுதுகிறார்கள்?

கல்லூரிகளில் ‘கருக்கு’ பாடமாகிவிட்டது. ‘தலித் வாழ்வியல்’ என்று தலைப்புப் போட்டு அஞ்சு மார்க், பத்து மார்க் கேள்வியாக்கிவிட்டார்கள். அதை நடத்துகிற பேராசிரியர், எழுந்து நில் என்று சொன்ன அந்த ஆசிரியரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்திருப்பாரா? அந்தப் புத்தகம் நம் வாழ்க்கையை அவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க எழுதப்பட்டதல்ல. அவர்களுடைய வகுப்பறையைப் பற்றி நாம் கொடுத்த சாட்சியம் அது. செவிலியர் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் அதைச் சாட்சியமாகவே படிக்கச் சொல்லிக் கேட்போம்.