மார்லின் 336-உம் மிருதுவான ஈயக் குண்டும்

செம்பு உறையிட்ட குண்டுகள் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற அமெரிக்காவில், வெண்வால் மானை வேட்டையாடுவதற்குத் தன் கையால் ஈயத்தை உருக்கி வார்த்துக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்றால், அதற்குச் சிக்கனம் மாத்திரம் காரணம் அன்று. நடுத்தரத் துளையுள்ள பழைய ரைபிள்களில், மிதமான வேகத்தில் செல்லும் கனமான ஈயக் குண்டு, வேகத்தையே முழுக்க நம்பியிருக்கும் நவீனத் தோட்டாக்களிடம் காணக் கிடைக்காத ஒரு நிதானத்தோடு தன் காரியத்தை முடிக்கிறது என்பது அவர்களுடைய திடமான அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்பதற்காக, பென்சில்வேனியாவின் வடமேற்கே அலிகெனி மலைக்காடுகளில், உரிய அனுமதிச்சீட்டுடன் மான் பருவத்தில் நான் பயன்படுத்திய துப்பாக்கி, .35 ரெமிங்டன் தோட்டாவுக்கென்று அமைந்த மார்லின் 336.

தோட்டா துப்பாக்கியைவிட மூத்தது. 1906-ல் ரெமிங்டன் கம்பெனியார் தங்கள் தானியங்கி ரைபிளுக்காக அதை வெளியிட்டார்கள். மார்லின் 336 வந்தது 1948-ல். இருபது அங்குலக் குழலும் ஏழு ராத்தல் எடையுமாக, புதர் அடர்ந்த மலைச்சரிவில் நாள் முழுவதும் சுமந்து நடந்தாலும் தோள் சலிக்காத சாதனம் இது. லீவரைக் கீழே தள்ளினால் காலித் தோட்டா மேல்நோக்கித் தெறிக்காமல் வலப்பக்கமாக விழுவதால், தொலைநோக்கியைத் துப்பாக்கியின் நடு முதுகிலேயே பொருத்திக்கொள்ள முடிகிறது. குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னதன் மூக்கு முன்னதன் வெடிமூடியைத் தொட்டுக்கொண்டிருப்பதால், கூரிய மூக்குள்ள குண்டை அதில் இடுவது அபாயகரம். ஆகவே தட்டை மூக்குக் குண்டையே தேர்ந்தெடுத்தேன். அந்தத் தட்டை மூக்கு பாதுகாப்புக்கு மட்டுமல்லாமல், மானின் உடலில் குண்டு செய்ய வேண்டிய வேலைக்கும் பெரிதும் உதவுகிறது.

இனி, விஷயத்தின் ஜீவநாடியான ஈயத்துக்கு வருவோம். பிரினெல் அளவையில் சுத்த ஈயத்தின் கடினம் ஏறக்குறைய 5. மோட்டார் வண்டிச் சக்கரங்களில் சமநிலைக்காகப் பொருத்தப்பட்டுவந்த ஈயக் கட்டிகளுடையது 11 அல்லது 12. அச்சுக்கூடங்களில் எழுத்து வார்க்க உபயோகித்த லைனோடைப் உலோகத்தினுடையது 22. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஆண்டிமனி சேர்ந்த அந்த லைனோடைப் உலோகத்தில் வார்த்த குண்டு, அச்சிலிருந்து பளபளவென்று விழுவதையும் குறிப்பலகையில் நேர்த்தியாகக் குவிவதையும் கண்டு, அதையே காட்டுக்கும் எடுத்துச் செல்கிறவர்கள் பலர். மானின் விஷயத்தில் அது கொடுமை என்றே சொல்லுவேன். அத்தனை கடினமான குண்டு கோணி ஊசி சாக்கைத் துளைப்பதுபோல ஒருபுறம் புகுந்து மறுபுறம் போய்விடலாம், அல்லது எலும்பில் மோதிச் சிதறிவிடலாம். இரண்டிலும் அந்தப் பிராணி வேதனையோடு வெகுதூரம் ஓடி, யார் கண்ணிலும் படாமல் மடிய நேரிடும். சுத்த ஈயமோ எதிர்த் துருவம்: மிதமான வேகத்துக்கே குழலின் சுழல்வரிகளைப் பற்ற மாட்டாமல் வழுக்கி, உட்சுவரில் ஈயப் படலம் படிய விட்டுவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே, சக்கரக் கட்டி பாதியும் சுத்த ஈயம் பாதியும் சேர்த்து, நூற்றுக்கு இரண்டு பங்கு வெள்ளீயமும் கலந்தால், கடினம் சுமார் 10-ல் நிற்கிறது. வெள்ளீயம் உருகிய உலோகத்தை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாயச் செய்கிறது. ஆண்டிமனி சிறிதளவே இருப்பதால் குண்டு நொறுங்காமல் விரிகிறது.

சக்கரக் கட்டிகளைச் சேகரிக்கிறவர்கள் இப்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஏனெனில் அவற்றில் துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. ஈயம் 327 டிகிரி சென்டிகிரேடிலும் துத்தநாகம் சுமார் 420 டிகிரியிலும் உருகுவதால், சூட்டை அடக்கி வைத்தால் துத்தநாகக் கட்டிகள் உருகாமல் மேலே மிதக்கும். உடனே அரித்து எடுத்துவிடலாம். இந்த வேலை திறந்த வெளியிலே, ஒரு துளி தண்ணீரும் அண்டாத இடத்திலே நடக்க வேண்டும்.

மார்லின் குழலில் ஆழம் குறைந்த பல வரிகள் வெட்டப்பட்டிருப்பதால் வார்த்த குண்டு அதற்கு உதவாது என்று நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. என் அனுபவம் அதை ஆமோதிக்கவில்லை. மிருதுவான ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் மெல்லத் தட்டி மறுமுனையில் எடுத்து, மைக்ரோமீட்டரால் அளந்து, குழலின் 0.358 அங்குலத்துக்குச் சற்று மிகையாக 0.360 அங்குலத்தில் குண்டைச் சமன்செய்தேன். அடிப்பாகத்தில் வெடிவாயுவின் உஷ்ணத்தைத் தாங்கும் சிறிய செம்பு மூடியை அழுத்தி, பள்ளத்தில் தேன்மெழுகு கலந்த மசகை இட்டேன். 200 கிரெயின் எடையுள்ள அந்தக் குண்டுகள், விநாடிக்குச் சுமார் 1,800 அடி வேகத்தில், நூறு கஜத்தில் இரண்டரை அங்குலத்துக்குள் அடங்கின. குழலைத் துடைத்துப் பார்த்தபோது ஈயப் படிவு ஏதும் தென்படவில்லை. குண்டு குழலுக்குப் பொருந்துவதே பிரதானம் என்பதும், கடினம் அதற்கு அடுத்த ஸ்தானத்தையே பெறுகிறது என்பதும் இதனால் எனக்கு நிச்சயமாயின.

காட்டிலே, ஹெம்லாக் மரங்களும் ரோடோடென்ட்ரான் புதர்களும் பார்வையை மறைக்கும் அந்தச் சரிவுகளில், நூறு கஜத்துக்கு அப்பால் தெளிவாகக் காண்பதே அபூர்வம். சுமார் அறுபது கஜத்தில் பக்கவாட்டாக நின்ற மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே சுட்டபோது, அது சில தாவல்கள் தாவிப் புதரோரத்தில் சாய்ந்தது. குண்டு இரு நுரையீரல்களையும் ஊடுருவி வெளியேறியிருந்தது. வெளியேறிய வாய் கட்டைவிரல் நுழையும் அளவு. அதைச் சுற்றிலும், அதிவேகக் குண்டுகள் உண்டாக்குகிற இரத்தம் கட்டிய சிதைவு மிகக் குறைவு. நூற்றிருபத்தைந்து கஜத்துக்கு மேல் இந்தக் குண்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நூறு கஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில், இருநூறு கஜத்தில் அது ஓரடிக்கும் மேலாகத் தாழ்ந்துவிடுவதோடு, விரிவதற்குத் தேவையான வேகத்தையும் இழந்துவிடுகிறது. திறந்த சமவெளியில் வேட்டையாடுகிறவர் வேறு தோட்டாவைத் தேடிக்கொள்ளட்டும்.

ஈயம் விஷம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2008-ல் வடக்கு டகோட்டாவில், தானமாக வந்த மானிறைச்சியில் ஈயத் துகள்கள் காணப்பட்டதால், அதை ஏழைகளுக்கு விநியோகிப்பதை நிறுத்தும்படி அதிகாரிகள் அறிவித்தார்கள். இறந்த பிராணிகளைத் தின்னும் காண்டார் கழுகுகள் ஈயத்தால் மாண்டது முக்கிய காரணமாக, கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே முற்றிலும் விலக்கப்பட்டிருக்கிறது. மெதுவாகச் செல்லும் மிருதுவான குண்டு, அதிவேகக் குண்டைப்போல நுண்துகள்களாகச் சிதறுவதில்லை. ஆயினும் துகளே விழாது என்று உறுதி சொல்வதற்கில்லை. ஆகையால், காயத்தைச் சுற்றியுள்ள தசையைத் தாராளமாகவே அறுத்து ஒதுக்கிவிடுகிறேன். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உண்ணும் வீட்டுக்கு இறைச்சி தர நேர்ந்தால், அந்த வேட்டைக்கு ஈயத்தை விடுத்து முழுச் செம்புக் குண்டையே எடுத்துக்கொள்கிறேன். குடலையும் ஒதுக்கிய தசையையும் காட்டில் திறந்து போட்டுவிட்டு வருகிற வழக்கம் பலரிடம் இருக்கிறது. அதைத் தின்ன வருகிறவற்றுள் வெண்தலைக் கழுகும் ஒன்றாதலால், சிறு மண்வெட்டி ஒன்றைத் துப்பாக்கியோடு கொண்டுபோய் ஆழப் புதைத்துவிடுவது உத்தமம்.