கருத்துக் கூறாதோர்: சீனா பற்றிய பியூ கணிப்புகளை வாசித்தல்

பியூ ஆய்வு மையக் கணிப்புகளின்படி, சீனாவை எதிர்மறையாக நோக்கும் இந்தியர் 2019இல் 46 விழுக்காட்டினர்; 2023இல் 67 விழுக்காட்டினர். 2020ஆம் ஆண்டின் கல்வான் மோதலால் நட்பு பகையானது என இதனை விளக்குவது பொருந்தாது. நல்லெண்ணம் தெரிவித்தோர் இவ்விரு ஆண்டுகளிலும் ஏறத்தாழக் கால்பங்கினரே. பெரிதும் சுருங்கியது கருத்துக் கூறாதோரின் தொகுதி. விடையளித்தோர் இருமுறையும் வெவ்வேறானவர் என்பதால், இவ்விளக்கமும் தொகுப்பளவிலேயே செல்லும்.

2023இல் இந்தியா முழுமைக்கும் நேர்காணப்பட்டோர் 2,611 பேர். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கருத்தையே இதிலிருந்து பிரித்தறிய இயலாது. பாரூரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மேலும், ‘சீனா’ என்னும் ஒரே சொல்லுக்குள் அரசு, எல்லை, சரக்கு யாவும் அடங்குகின்றன. ஓசூர் ஆலையொன்றில் சீன உதிரிபாகங்களைப் பொருத்தும் பாரூர்த் தொழிலாளியிடம் இவ்வினா கேட்கப்படின், அவர் இவற்றுள் எதனை எண்ணி விடையளித்தார் என்பது விழுக்காட்டில் பதிவாகாது.