தோராவும் ‘நியாயப்பிரமாண’மும்

திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே ஓடுவது காவிரி ஒன்றே. ஆயினும் இருகரையிலும் ‘வேதம்’ என்னும் சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று. திருவரங்கத்தில் அது வடமொழி மறைகளையும், அவற்றோடு ஒப்பவைத்துத் திராவிட வேதம் எனப் போற்றப்படும் திருவாய்மொழியையும் குறிக்கும். தென்கரையில், சுவார்ட்சு ஐயர் 1766-இல் கோட்டைக்குள் எழுப்பிய கிறித்து ஆலயத்தில், அது விவிலியம். ‘வேதியர்’ அக்கரையில் அந்தணர். இக்கரையில், கத்தோலிக்கர் வழக்கில், உபதேசியார். ஒரு சொல் இவ்வாறு இரு சமயத்துக்கும் உழைப்பது தமிழுக்குப் புதிதன்று. ஆனால் மூன்றாவதாகிய யூத சமயத்தின் நடுச்சொல்லைத் தமிழாக்க வந்தபோது இச்சொல்லும் இதன் சுற்றமும் என்ன செய்தன என்பது ஆராய்தற்குரியது.

அந்நடுச்சொல் ‘தோரா’. மோசேயின் ஐந்நூல்களுக்குப் பெயராவதும், யூதர் வாழ்வு முழுமைக்கும் அடியாவதும் அதுவே. எபிரேய மொழியில் அதன் வேர், எய்தல், குறிநோக்கிச் செலுத்துதல் என்னும் பொருளது என்பர். அதிலிருந்து வழிகாட்டல், கற்பித்தல் என்னும் பொருள்கள் கிளைத்தன. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இதனை ‘நோமொசு’ என்றனர். இலத்தீனில் ‘லெக்சு’ ஆயிற்று. லூத்தர் செருமானியத்திலும் சட்டம் என்னும் பொருளுடைய சொல்லையே கையாண்டார். 1871-இல் நிறைவுற்ற தமிழ் ஒன்றியப் பதிப்பின் ‘நியாயப்பிரமாணம்’ இவ்வழியில் வந்த சொல்லேயாம்.

எனினும் அப்பதிப்பு அச்சொல்லை எங்கும் ஒருபடித்தாகக் கையாளவில்லை. இதனை நம் மாணவர் பலர் நோக்கியதாகத் தெரியவில்லை. உபாகமத்தில் மோசே உரைக்கும்போது தோரா ‘நியாயப்பிரமாணம்’. லேவியராகமத்தில் பலியின் முறையைக் கூறும்போது வெறும் ‘பிரமாணம்’. சங்கீதங்களில், அன்பன் அதனை நினைந்து நெகிழும்போது, ‘வேதம்’. நீதிமொழிகளில் தாயின் வாய்மொழியாகவும் சான்றோர் சொல்லாகவும் வரும்போது ‘போதகம்’. எபிரேயத்தில் இந்நான்கும் ஒரே சொல். ஆண்டவன் ஆணை, பலிமுறை, அடியான் காதல், அன்னையின் அறிவுரை என்னும் நான்கையும் ஓரிழையில் கோத்த சொல்லைத் தமிழ் நான்காக அறுத்துவிட்டது. மொழிபெயர்த்தோர் செவி நுண்ணியது. ஒவ்வோரிடத்தும் அவ்விடத்துக்கு ஏற்ற சொல்லையே தேர்ந்தனர். இழப்பு, கூட்டி நோக்குமிடத்தே தோன்றுகின்றது. ‘யூதர் சமயம் சட்டத்தின் சமயம், அன்பு அதில் இல்லை’ என்று ஒப்பிலக்கியக் கட்டுரைகளிற் காணும் முடிவு பெரும்பாலும் இவ்வறுப்பின் விளைவே என்பது எம் கருத்து. அன்பைக் காட்டும் இடங்களில் ‘வேதம்’ என்றும் ‘போதகம்’ என்றும் படிப்பவன், அதுவும் அதே தோரா என்பதை எங்ஙனம் அறிவான்?

சட்டம் என்று கொண்டால் பொருந்தாத இயல்பு தோராவுக்கு உண்டு. உபாகமம் ஒரு சிறு கட்டளை இடுகின்றது: புதுவீடு கட்டுவோன், எவரும் விழுந்து மடியாதபடி, மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்புக என்பது. இதன் சொல்லளவில் நின்றால் கொத்தனார் அளவில் முடிந்துபோகும். தால்முது கண்ட ஆசிரியர்களோ, வீட்டில் கடிக்கும் நாயையும் ஆட்டங்கண்ட ஏணியையும் வைத்திருத்தலாகாது என்று இதிலிருந்தே வருவித்தனர். கூலியை அன்றன்றே பொழுது சாயுமுன் கொடுத்துவிடுக என்பதும், சூடடிக்கும் மாட்டின் வாயைக் கட்டற்க என்பதும் இத்தகையனவே. காவிரிக்கரை உழவர்க்கு இவற்றை விளக்க வேண்டுவதில்லை. இவை ஓதி, வினவி, விரித்துணரப்படுவன. இல்லில் இருக்கையிலும், வழிநடக்கையிலும், படுக்கையிலும், எழுகையிலும் மக்களுக்கு உரைக்குமாறு தோராவே பணிக்கின்றது. அப்பகுதியை எழுதிய சுருளை வாயில் நிலையிற் பதிப்பதும் யூதர் வழக்கு.

இவ்வியல்புக்கு நிகரைத் திருவரங்கத்து உரைமரபிற் காண்கிறோம். நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன பொருளை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியதே ஈடு முப்பத்தாறாயிரம். அதில் நஞ்சீயர் வினவுவதும் பட்டர் விடையிறுப்பதும், பாசுரத்துக்கு இடையே அன்றாட நிகழ்ச்சி ஒன்று வந்து பொருளை விளக்குவதும் மிகுதி. தால்முதும் இன்னார் இங்ஙனம் கூறினர், இன்னார் மறுத்தனர் என்று பெயர் சுட்டியே செல்லும். தோற்ற கருத்தையும் எறிந்துவிடாது காக்கும். பிறிதோர் ஒப்புமையும் உண்டு. தோரா 54 பகுதிகளாக வகுக்கப்பட்டு ஓய்வுநாள்தோறும் ஓதப்பெறும். திங்களும் வியாழனும், பண்டு சந்தை கூடிய நாட்களாதலின், சிறிது ஓதப்பெறும். ஆண்டிறுதியில் கடைசிப் பகுதி முடிந்த அன்றே முதற்பகுதி தொடங்கும். முடிவு முதலோடு சென்று மண்டலிக்கும் திருவாய்மொழியின் அந்தாதியைக் கற்றவர்க்கு இது வியப்பன்று. ஒப்புமை இவ்வளவே என்க. ஒன்று பத்தர் பாடல், மற்றொன்று கதையும் கட்டளையும் விரவிய உரைநடை.

ஆகவே தோராவுக்குத் தமிழில் ஒரே சொல் வேண்டின் ‘ஓத்து’ என்பதை முன்வைக்கிறோம். தொல்காப்பியச் செய்யுளியல் அதனை நூலின் உறுப்பாக வகுத்தது. திருக்குறள் ஒழுக்கமுடைமையில் அது மறையைக் குறித்தது. முசுலிம் சிறார் திருக்குர்ஆன் பயிலும் இடம் இன்றும் ஓத்துப்பள்ளியே. ஓதுதலும் ஓதுவித்தலும் அதனுள் அடங்கும். ‘வேதம்’ ஆகாதோ எனின், எழுதாக்கிளவி என்னும் நினைவு அச்சொல்லை விட்டு நீங்காது. தோராச் சுருளோ தோலிற் கையால் எழுதப்படுவது; ஓரெழுத்துப் பிழைபடினும், திருத்துமளவும் பொதுஓதலுக்கு ஆகாது.

தாயின் தோரா என்னும் நீதிமொழித் தொடர்க்கு நம் அண்டையிலேயே ஒரு சான்று உண்டு. ஏறத்தாழக் கி.பி. 1000-இல் பாற்கர இரவிவர்மன் யோசேப்பு இரப்பானுக்கு வட்டெழுத்துச் செப்பேட்டில் உரிமைகள் வழங்கினான். இதனைத் தம் மரபுச் சான்றாகப் போற்றிய கொச்சி யூதருள், சுருளை ஓதியோர் ஆடவர். மகளிரோ அக்கதைகளை மலையாளப் பாட்டாக்கிக் கையேடுகளில் எழுதிவைத்துப் பாடினர். 1948-க்குப் பின் அம்மக்களுட் பெரும்பாலோர் இசுரேல் சென்றபோது அவ்வேடுகளும் உடன்சென்றன. அப்பாட்டுக்களை ‘நியாயப்பிரமாணம்’ என்று யாரும் சொல்லார். ‘ஓத்து’ என்றால் ஒருவாறு பொருந்தும். பலிமுறை கூறும் லேவியராகம இடங்களுக்கு மட்டும் ‘பிரமாணம்’ நிற்றலே தகும் என்பார் உளர். அங்கும் அது குருமார்க்குக் கற்பித்த பாடமே என்பது எம் துணிபு.