‘வெண்பா’: குறுமை குறையாகுமா?

கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள விசை நிறுவனம், 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ‘வெண்பா’ என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டது. 1980களின் பிற்பகுதியில் தொடங்கும் கதை. கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் வாழ்வைச் சொல்வது. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். தன் தாயிடமிருந்து வெண்பா பெற்ற சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்த வரிகளை உய்த்துணர்ந்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் ஆக்குவதே ஆடுவோர்க்கு வைத்த புதிர்.

ஆடியோர் கருத்து இரண்டுபட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. புதிர்கள் சில, அவையும் எளியவை. ஆதலின் கொடுத்த பணத்துக்கு ஈடாகாது என்பர் ஒரு சாரார். கதையே உயிர், புதிர் வெறும் துணை என்பர் மறுசாரார். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு முதற்படைப்புக்குரிய விருதை இதற்கு வழங்கியது. எனினும் வழக்கு ஓயவில்லை.

இவ்வழக்கைத் தீர்க்கும் அளவுகோல் பெயரிலேயே இருக்கிறது. குறள் வெண்பாவுக்கு இரண்டே அடி, ஏழே சீர். அதனைச் சிறிதென்று தள்ளுவார் உண்டோ? ஆகவே குறுமை பற்றிய குற்றச்சாட்டு நில்லாது. ஆயின், வெண்பா அடியாற் சிறிதேயன்றிக் கட்டுப்பாட்டால் தளர்ந்ததன்று. தளை ஒன்று பிழைத்தாலும் அது வெண்பா ஆகாது. இவ்விளையாட்டோ பிழையை எளிதிற் பொறுத்து, மீண்டும் செய்யென விட்டுவிடுகிறது. எளிமை பற்றிய குறை ஓரளவு உண்மையே.

புதிர் வெறும் துணை என்பதோ பொருந்தாது. இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது என்று ஏடு சொல்லாதபோது, ஆவி செல்லும் வழியை நாமே எண்ணிப் பார்க்கிறோம். அம்மாவின் கைப்பழக்கத்தில் இருந்த அறிவு அங்கே நம் கைக்கு வருகிறது. பின்னர்க் கவினின் முறை வரும்போது, தாய் பேசும் தமிழ் அவனுக்கு விளங்காமையால் திரையிற் சொற்கள் மங்குகின்றன. முன்பு ஏட்டில் அழிந்திருந்தது. இப்போது படிப்பவனிடத்தில் அழிந்திருக்கிறது. கதை சொல்ல வந்ததைப் புதிரே சொல்லிவிடும் இடம் இது. கடுமை வேண்டிய இடமும் இதுவே. இங்கும் ஆடுவோரைக் கைப்பிடித்து நடத்திச் சென்றது ஆக்கியோர் செய்த பிழை.

இக்காட்சி டொரண்டோவுக்கு மட்டும் உரியதன்று. ரப்பர்த் தோட்டமாயிருந்து நகராகிவிட்ட பங்சாரிலும், பாட்டி தமிழிற் கேட்கப் பேரன் ஆங்கிலத்தில் விடையிறுக்கும் வீடுகள் உண்டு. கிள்ளானிலும் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டைக் காட்டலாம். காட்டியபின், பாட்டியின் ஒரு குழம்பைக் கேட்டுத் தமிழில் எழுதி வரச் சொல்லலாம். விளையாட்டு எளிதாக விட்டுவிட்ட புதிர் அங்கே கடினமாகும். அதனை ஒரு பிள்ளை அவிழ்த்தாலும் இரண்டு மணி நேரம் வீணாகவில்லை.