கட்டிளமைக் காதற் புதினங்களும் தோழியின் இன்மையும்

கட்டிளமைப் பருவத்தார் காதலைப் பொருளாகக் கொண்ட புதினங்களைப் பொழுதுபோக்கு நூல்கள் என ஒதுக்கிவிடுதல் ஆராய்ச்சியாளரிடை வழக்கமாகிவிட்டது. களவிற்கு இலக்கணம் வகுத்த மொழியில் இப்புறக்கணிப்புப் பொருந்துவதன்று. அகப்பொருள் மரபே இவற்றை அளத்தற்கு ஓர் அளவுகோல் தருகின்றது. தோழி என்னும் மாந்தரே அவ்வளவுகோல் என்பது எம் கருத்து.

சங்கத் தலைவி தனித்து நின்று காதலிப்பவள் அல்லள். அவள் நெஞ்சம் அறிந்த ஒருத்தி உடனிருக்கின்றாள். களவு வெளிப்பட வேண்டிய வேளையில் அறத்தொடு நிற்கின்றாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் தோழி செவிலிக்கு உரைக்கும் கூற்றேயாகும். இளையாள் ஒருத்தியின் விருப்பத்தை வீட்டார் ஏற்குமாறு எடுத்துரைத்தற்கு ஒரு பாட்டு முழுவதும் வேண்டியிருந்தது என்பது நினைத்தற்குரியது.

இராசபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டி போன்ற ஊர்களின் மாணவர்க்கு இம்மரபு ஏட்டளவில் நிற்பதன்று. அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரின் கோதை அம்மரபில் வந்தவள். திருப்பாவையில் தோழியரைத் துயிலெழுப்பி உடனழைத்துச் செல்கின்றாள். நாச்சியார் திருமொழியில் மணக்கனவை உரைக்கும் பத்துப் பாசுரங்களிலும் தோழியையே விளிக்கின்றாள். ஆண்டுத் தோழி விடை கூறவில்லை. எனினும் கேட்பாள் ஒருத்தி உளள் என்னும் துணிவே கனவைச் சொல்லாக்குகின்றது.

இனி, இக்காலப் புதினங்கள் இரண்டினைக் காண்போம். சுசாதாவின் ‘பிரிவோம் சந்திப்போம்’ பாபநாசத்தைக் களமாகக் கொண்டு தொடங்குகின்றது. ரகுபதி மதுமிதாவை விரும்புகின்றான். அவளோ அமெரிக்காவில் வாழும் மாப்பிள்ளைக்கு மணமுடிக்கப்பெறுகின்றாள். ரகுபதியின் துயரம் நமக்கு நன்கு விளங்குகின்றது. மதுமிதாவின் நெஞ்சத்தையோ அவன் வாயிலாகவே உய்த்துணர வேண்டியுள்ளது. அவள் கருத்தைக் கேட்டு, இடைநின்று உரைக்கும் தோழி ஈண்டு இலள்.

2013இல் வெளிவந்த பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ இவ்வின்மையின் கொடுமையைக் காட்டுகின்றது. சோடாக்கடையில் பணிபுரியும் குமரேசனும் சரோசாவும் சாதி கடந்து மணந்து அவன் ஊருக்கு வருகின்றனர். இது பழைய உடன்போக்கே. ஆயின் ஐங்குறுநூற்றில் மகளைப் பிரிந்த தாய் அன்பினால் இரங்குகின்றாள். பூக்குழியிலோ குமரேசனின் தாய் மாராயியின் ஒப்பாரி மருமகளை வருத்தும் படைக்கலமாகின்றது. கணவன் வெளியே சென்றபின் சரோசாவிற்குப் பேச்சுத்துணையும் இல்லை. இறுதியில் அவள் ஒளிந்த புதருக்கு ஊரார் தீயிடுகின்றனர்.

தோழி புலவர் படைத்த நாடக வழக்கேயன்றி உலகியல் அன்று எனச் சிலர் மறுக்கக்கூடும். அவர் கூற்றை ஏற்பினும் எம் முடிபு மாறாது. இளையோர் காதலுக்குச் செவிசாய்க்கும் ஒருவர் குடும்பத்துள் வேண்டும் என அப்புலவர் கருதியதனாலன்றோ அவ்வழக்கு நிலைபெற்றது? அவ்விடம் வெறுமையானால் விளைவது யாது என்பதைப் பூக்குழி கூறுகின்றது.

ஆதலின், இவ்வகைப் புதினங்களை ஆராய்வோர் காதலர் கூடினரா, பிரிந்தனரா என்பதோடு அமையாது, காதலிக்கும் பெண்ணின் சொல்லைக் கேட்பார் கதையுள் உளரா என வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடையளிக்கும் புதினம் எளிய நடையினதாயினும் ஆராய்ச்சிக்குரியதே. விடையளியாதது எத்துணை இனிய நடையினதாயினும் பாதிக் காதலையே கூறியதாகும்.