தங்கை தரும் சீர்

தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லும் விளம்பரக் கையேடுகளை ஒரு தனி இலக்கிய வகையாகவே படிக்கலாம். தி. நகர், மயிலாப்பூர் பக்கம் ஸ்கேன் சென்டர்களில் காத்திருக்கும் பெண்களின் கைக்கு அவை வந்துவிடும். என்னிடம் உள்ள ஒன்றின் அட்டையில் ஒரு கர்ப்பிணி. கழுத்துக்கு மேல் படம் இல்லை. வயிறும் அதை அணைத்த இரு கைகளும் மட்டும்தான். உள்ளே, குழந்தைக்கு இது ஆயுள் காப்பீடு என்கிறார்கள். பிறகு நீண்ட நோய்ப் பட்டியல். கடைசியில் அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி: பின்னால் வருந்த மாட்டீர்களே?

குடும்பத்தில் ஏற்கெனவே நோயாளி இருந்தால் சேமிப்பதில் அர்த்தம் உண்டு. மற்றபடி, தனக்கே பின்னாளில் உதவும் என்று சேமித்துவைப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. தலசீமியா பரம்பரைக் கோளாறு. அந்தக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே கோளாறுதான் இருக்கும். ஆனாலும் கையேட்டின் பட்டியலில் தலசீமியா இருக்கிறது. பயத்தை அம்மாவிடம் விற்பது எளிது.

இதற்கிடையில் சிகிச்சை எங்கோ போய்விட்டது. முன்பு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். இன்று பெரும்பாலும் நான்கைந்து நாள் ஊசி போட்டு, ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் வரவழைத்து, கை நரம்பு வழியாகவே பிரித்தெடுக்கிறார்கள். முழுப் பொருத்தம் உடைய உடன்பிறப்பு அமைய ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான். அமையாதவர்களுக்குப் பாதிப் பொருத்தமே போதும் என்ற முறை, மாற்றுக்குப் பிறகு சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கும் வழி வந்த பின் வேகமாகப் பரவியது. பெற்றவர்களும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் எப்போதும் பாதிப் பொருத்தம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொப்புள்கொடி ரத்தத்தின் பயன்பாடு இறங்கிவிட்டது. நம் ஊர்க் கையேட்டுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

செல்கள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் பார்த்தபோது ஒரு வரிசை கண்ணில் பட்டது. 1968இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், நோயெதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த ஆண் குழந்தை பிழைத்தது அக்காவின் மஜ்ஜையால். 1988இல் பாரிஸில் எலியான் குளுக்மன் என்ற பெண் மருத்துவர் செய்த முதல் தொப்புள்கொடி ரத்த மாற்றில் நோயாளி ஒரு சிறுவன். ரத்தம் அப்போதுதான் பிறந்த தங்கையுடையது. 2020இல் அகமதாபாத்தில், தலசீமியா உள்ள அண்ணனுக்குப் பொருந்தும்படி கருவிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பிறந்த தங்கை மஜ்ஜை தந்தாள். மூன்றும் தற்செயல்தான் என்று சொல்லலாம். 1968இன் நோய் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்குவது. இருக்கட்டும். அண்ணன் தங்கைக்குச் செய்யும் சீரைப் பற்றி நமக்கு எத்தனை படங்கள், எத்தனை பாட்டுகள்! எலும்புக்குள்ளிருந்து தங்கை எடுத்துக் கொடுக்கும் சீருக்கு ஒரு தாலாட்டுகூட இல்லை.

நோயாளி தங்கையாக இருந்தால்? புற்றுநோய் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளில் பெண் குழந்தைகள் குறைவு என்றும், தெற்கைவிட வடக்கில் இந்த இடைவெளி பெரிது என்றும் சில ஆண்டுகளுக்கு முன் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் இந்திய ஆய்வு ஒன்று வந்தது. பிறப்பிலேயே உள்ள வேறுபாட்டால் மட்டும் இதை விளக்கிவிட முடியாது. மாற்றுச் சிகிச்சையோ லட்சங்களில் செலவு, மாதக்கணக்கில் நகரத்தில் தங்கல். எந்தப் பிள்ளைக்காக வீட்டை அடகு வைப்பார்கள் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்ததே ஒரு தங்கையால்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி முப்பது ஆண்டுகள் விடாமல் முயன்று, 1954இல் அதைத் திறக்கவைத்தார். நான் தேடும் கதைக்கு நம் ஊரிலேயே இருக்கும் முன்மாதிரி அது. ஆனால் அந்தக் கதையில் நாம் அக்காவோடு நின்றுவிடுகிறோம்.

பாதிப் பொருத்தம் போதும் என்றதும் வீட்டில் முதலில் நீளும் கை அம்மாவுடையது. மருத்துவர்கள் தயங்குவார்கள். கர்ப்ப காலத்தில் பிள்ளையின் செல்களோடு பழகிய உடலிலிருந்து வரும் செல்கள், குறிப்பாக ஆண் நோயாளிக்குள், அவன் உடலையே தாக்கும் அபாயம் கூடுதல். இளவயது ஆண் கொடையாளிகளே விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளை பெற்றதை ஒரு குறையாக எழுதிக்கொள்ளும் படிவம் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிள்ளை பெறாத இளம்பெண்கள் இருக்கிறார்களே. 2009 முதல் சென்னையிலிருந்து இயங்கும் 'தாத்ரி' போன்ற கொடையாளர் பதிவேடுகளில் சேர, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். எங்கள் கல்லூரி முகாமில் என் மாணவி ஒருத்தி அப்படிப் பதிந்தாள். தம்பிக்கு ரத்தம் தேவைப்பட்டபோது அவளை எழுப்பி ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய வீடு அது. மறுநாள் அவள் அம்மா எனக்கு போன் செய்தார். "பேரை எடுத்துடுங்க மேடம். நாளைக்குக் கல்யாணம் ஆகட்டும், அவங்க வீட்ல கேட்டுட்டு அப்புறம் பார்த்துக்கலாம்."